ராமு தாத்தா போன கப்பல்

யாங்கோன் (ரங்கூன்), பர்மா
20 ஜனவரி 2019

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்தது. மூட்டு வலி என்று படுத்தே கிடக்காதே, கொஞ்சம் நட. இந்த வயதில் 121 படி ஏறி இறங்கியவன் சொல்கிறேன்.

பள்ளி லீவு விட்டிருந்ததால் பேரப்பிள்ளைகளை ராத்திரி பஸ்ஸில் மாந்தளே அரண்மனைக்குக் கூட்டிப் போனேன். அறுபது மீட்டருக்கு மேல் அகலமான அகழி. அதைப் பார்த்ததுமே சின்னவன், "முதலை எங்கே?" என்று ஆரம்பித்துவிட்டான். கோட்டைக்குள் பெரும்பகுதி ராணுவத்திடம் இருக்கிறது. நேராக அரண்மனைக்குப் போய் நேராகத் திரும்ப வேண்டியதுதான்.

மிண்டோன் ராஜா 1857இல் கட்டத் தொடங்கிய தேக்கு அரண்மனை, 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்துபோனது உனக்குத் தெரியும். இப்போது நிற்பது 1990களில் எழுப்பியது. அந்த 121 படி, தீயில் தப்பிய காவல் கோபுரத்தினுடையது. மேலே நின்று பார்த்தால் கீழே வரிசையாகத் தகரக் கூரை. பேத்தி சொன்னாள்: "நம்ம வீட்டுக் கூரை மாதிரியே இருக்கு, தாத்தா."

எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. சாயங்காலம் ஷ்வேநந்தாவ் மடத்துக்குப் போன பிறகுதான் மனசு ஆறியது. அதுவும் அரண்மனைக்குள் இருந்த கட்டடம்தான். மிண்டோன் அதில் இறந்தார் என்பதால், அடுத்து ராஜாவான மகன் திபா அதைப் பிரித்து, மதிலுக்கு வெளியே கொண்டுவந்து மடமாக்கிவிட்டார். அதனால் குண்டுக்குத் தப்பியது. வெளியே தங்கப் பூச்சு போய்க் கறுத்துவிட்டது. சிற்பங்களின் இடுக்கில் விரலை விட்டால் நூறு மழை குடித்த தேக்கின் சொரசொரப்பு. உள்ளே இன்னமும் தங்கம் மின்னுகிறது.

அங்கே திண்ணையில் உட்கார்ந்து, 1885இல் வெள்ளைக்காரன் திபாவை மாட்டு வண்டியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோன கதையைச் சொன்னேன். முதலில் மெட்ராஸ், அப்புறம் ரத்னகிரி. 1916இல் அங்கேயே இறந்தார். பேத்தி கேட்டாள்: "ராமு தாத்தா போன அதே கப்பலா?"

சிரித்துவிட்டேன். அப்புறம், நீங்கள் பர்மாவை விட்டுக் கப்பலேறிய அன்று துறைமுகத்தில் உன் அம்மாவின் தோட்டைக் கழற்றச் சொன்னது ஞாபகம் வந்தது. ராஜாவின் மாணிக்கமும் அப்படித்தான் யார் கைக்கோ போனதாகச் சொல்வார்கள். பிள்ளைகளிடம் மாணிக்கத்தைச் சொன்னேன், தோட்டைச் சொல்லவில்லை.

ஊருக்கு வருகிறவர் ஒருவரிடம் லப்பே, அதுதான் நம்ம ஊறவைத்த தேயிலை, கொடுத்தனுப்புகிறேன். சின்னவன் அகழியை வரைந்திருக்கிறான், முதலையோடு. உனக்குத்தானாம். உள்ளே வைத்திருக்கிறேன்.

உன்,
காசி