ழகரத்தின் கீழ் ஒரு கோடு: தமிழ் நூல்களைக் காக்கும் நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நூல்களைப் பட்டியலிடும் நூலகத் துறையினருக்கு,

வணக்கம். சென்னை கன்னிமாரா, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து நூல்களை மின்வடிவில் திரட்டும் நூலக நிறுவனம், வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகம், லண்டனின் பிரிட்டிஷ் நூலகம் எனத் தமிழ் நூல்கள் பல ஊர்களில் இருக்கின்றன. பட்டியல்களை ஒன்றுசேர்க்கும்போது ஒரே நூலின் இரு பிரதிகள் இரு வேறு நூல்களாக நிற்கின்றன. பல வேளைகளில் எழுத்துக்கான குறியீட்டெண் வேறுபடுவதே இதற்குக் காரணம்.

ழகரத்தையே பாருங்கள். பட்டியலுக்காகத் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பெயர்க்கையில், ழகரத்துக்கு எல் என்ற எழுத்தின் கீழ் ஒரு கோடு இடுகிறோம். நூல் விவரங்களைக் கணினியில் பதியும் நூலக வடிவமான மார்க் பதிவுகள், உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடுக்கு வந்தபோது அந்தக் கோடு 0332 என்ற எண்ணைப் பெற்றது. யூனிகோடில் கோட்டோடு சேர்ந்தே அமைந்த எழுத்தைத் தட்டினாலோ உள்ளே இருப்பது 0331. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. ஒரே எழுத்தின் வேறுவேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் செய்தாலும் இவை ஒன்றாவதில்லை. ற, ன இரண்டுக்கும் இதே கதி. ள, ட, ண ஆகியவற்றின் கீழ்ப்புள்ளி எல்லா இடத்திலும் 0323 என்பதால் அங்கே தொல்லை இல்லை. ஆகவே 0331, 0332 இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் விதியைத் தேடல் அட்டவணையில் சேருங்கள். தேடுபவர் இடும் சொல்லுக்கும் அதே விதி பொருந்த வேண்டும். குறிகளை மொத்தமாக உதிர்த்துவிடுவது தீர்வாகாது: பல்லியும் பள்ளியும் அப்போது ஒரே சொல்.

உண்மையான மருந்து தமிழ் எழுத்தையே பதிவில் ஏற்றுவதுதான். மார்க் பதிவுகள் யூனிகோடுக்கு முன் பயன்படுத்திய மார்க்-8 குறியேற்றத்தில் அரபுக்கும் ஹீப்ருவுக்கும் சீனத்துக்கும் இடம் இருந்தது, தமிழுக்கு இல்லை. இன்று அந்தத் தடை இல்லை. மார்க் பதிவின் ஒவ்வொரு பகுதியும் எண்ணிட்ட ஒரு புலம். 245 புலத்தில் ரோமன் எழுத்தில் உள்ள தலைப்புக்கு இணையாக 880 புலத்தில் தமிழ் வடிவத்தை இட்டு, புலத்தின் உட்பிரிவான துணைப்புலம் 6 வழியாக இரண்டையும் பிணைக்கலாம்: 245இல் 880-01, 880இல் 245-01. பதிவுகளை ஒன்றுசேர்க்கும்போது இந்த இணைப்பெண் தடுமாறினால் ஆசிரியரின் தமிழ்ப் பெயர் தலைப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். ஏற்றிய பிறகு இணைகளைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். ரோமன் எழுத்தில் உள்ள, குறிகள் சிதையாத பழைய பதிவுகளில் ந–ன, ர–ற வேறுபாடு அப்படியே இருப்பதால் கணினியே தமிழுக்குத் திருப்பிவிடும். தலைப்புக்குள் வரும் ஆங்கிலச் சொற்களையும் வடமொழிப் பெயர்களையும் மட்டும் ஆள் பார்க்க வேண்டும்.

தமிழில் ஏற்றும்போதும் கவனம் தேவை. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம். இதை இயல்பாக்கம் சரிசெய்துவிடும். 'ஔ' என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது. எகரம் வர வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு அமர்ந்துவிடுவதும் அப்படியே. இரண்டுக்கும் தனிச் சோதனை எழுதுங்கள். தமிழ் எழுத்துகளுக்கெனத் தனியே அமைத்த டேஸ்16 குறியேற்றத்தில் உள்ள தரவைப் பரிமாற்றத்துக்கு முன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். டேஸ்16 அமர்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது அவரவர் விருப்பப்படி பொருள் கொடுக்க விட்ட எண்களில். அங்கே இருக்கும் குறிகளைப் பிறர் கணினி அறியாது.

சொற்பிரிப்பிலும் பலரும் இடறுகிறோம். 'தமிழிலக்கியம்' என்று அச்சிட்ட தலைப்பை 'தமிழ் இலக்கியம்' என்று தேடுபவருக்கும் கிடைக்கச் செய்ய 246 புலத்தில் மாற்று வடிவம் தாருங்கள்.

ஆசிரியர் பெயருக்கு வருவோம். உ.வே. சாமிநாதையர் (1855–1942) சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா. என்றெல்லாம் வழங்கப்படுகிறார். ஒரு நூலகம் தேர்ந்த வடிவத்தை இன்னொன்று ஏற்க வேண்டியதில்லை. ஒருவர் பெயரின் ஏற்ற வடிவத்தையும் மாற்று வடிவங்களையும் தொகுக்கும் பெயர் அதிகாரப் பதிவின் 400 புலங்களில் எல்லா வடிவங்களையும் தமிழிலும் தந்து, ஆசிரியரை உலகளவில் அடையாளம் காட்டும் 16 இலக்க ஐஎஸ்என்ஐ எண்ணைச் சேர்த்தால், பல நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை இணைக்கும் வயாஃப் கோப்பில் அவை ஒன்றுகூட வழி பிறக்கும். தலைப்பெழுத்துகளை விரிக்காமல், நூலில் உள்ளபடியே முதலில் பதியுங்கள். ஊகத்தால் விரித்த தலைப்பெழுத்து ஒரே பெயருள்ள வேறொருவரின் நூல்களை இவர் கணக்கில் சேர்த்துவிடும்.

தொடக்கமாக, நூலகத்துக்கு 500 பதிவுகள் வீதம் பரிமாறிப் பாருங்கள். பொருந்தாமல் போனவற்றை எழுத்துக்குறி, சொற்பிரிப்பு, பெயர், 880 இணைப்பு என்று வகை பிரித்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். எந்த விதியை முதலில் எழுத வேண்டும் என்று அந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
தமிழ் நூற்பட்டியல் பணியில் உள்ளோர்