பெட்டியைப் பிரிக்காமல் கொடுங்கள்: எங்கள் ரைபிள் கிளப் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். பொதுக்குழுவில் எழுந்து பேசினால் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் சார்" என்று உட்கார வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மடல். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்ச் ஆபீசராக நிற்கும் கிழவன் நான்தான் என்பதால், யார் எழுதியது என்று தேட வேண்டிய சிரமம் உங்களுக்கு இருக்காது.

விஷயம் பாயின்ட் டூ டூ ரவுண்டு, அதாவது .22 ரைபிளில் போடும் தோட்டா. வெளிநாட்டிலிருந்து வாங்கி, உறுப்பினர்களுக்கு நீங்கள் எண்ணிக் கொடுக்கும் அதே ரவுண்டுதான்.

போன மாநிலப் போட்டியில் நம் கிளப் பெண் ஒருத்தி 50 மீட்டர் ப்ரோன் (குப்புறப் படுத்துச் சுடுவது) சுட்டாள். பிளஸ் டூ படிக்கிறாள், அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாற்பது ஷாட் வரை புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அதன்பிறகு அடுத்த தட்டிலிருந்து எடுக்கத் தொடங்கினாள். ஒன்று கீழே இறங்கியது. சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, இரண்டு கிளிக் ஏற்றினாள். அடுத்தது மேலே போனது. ஒரு கிளிக் இறக்கினாள், மறுபடி கீழே. இடம் வலமாக ஒரு மயிரிழை நகரவில்லை, மேலும் கீழும் மட்டும் ஏணி வைத்த மாதிரி புள்ளிகள். விசையை இழுத்துப் பறித்திருந்தால் பக்கவாட்டிலும் கலைந்திருக்கும். முடிந்ததும் என்னிடம் வந்து, "தாத்தா, நான் மூச்சை விட்டுட்டேனா?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அவள் அப்பா கிளப்புக்கு வந்தார். கையில் மைக்ரோமீட்டர், கூடவே அவரே லேத்தில் கடைந்த ஒரு சின்னப் பித்தளை வளையம். மீந்திருந்த ரவுண்டுகளை ஸ்டோரில் ஒப்படைப்பதற்கு முன்னால், என் கண்ணெதிரே, ஒவ்வொன்றாக வளையத்தில் நுழைத்து அடிவிளிம்பின் கனத்தை அளந்து ஒரு தாளில் எழுதினார். இருபதில் பதினொன்று 0.97 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நின்றன. ஒன்பது 1.02ஐ ஒட்டி நின்றன. நடுவில் எதுவும் இல்லை. "சார், இது ரெண்டு மெஷின்ல வந்த சரக்கு" என்றார் அவர். துப்பாக்கியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மெஷினைப் பற்றித் தெரியும்.

எப்படிக் கலந்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. நம் ஸ்டோரில் ஐம்பது ரவுண்டுப் பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் தட்டில் இருபது இருபதாக அடுக்கித்தான் கொடுக்கிறோம். காலிப் பெட்டி குப்பைக்குப் போகிறது. ஒரு பெட்டி தீர்ந்து அடுத்த பெட்டியைப் பிரிக்கும்போது தட்டு பாதி இதிலும் பாதி அதிலுமாக நிறைகிறது. மீந்து திரும்பி வருவதும் அதே தட்டில் விழுகிறது. இரண்டு பெட்டியிலும் வெளியே ஒரே பெயர், ஒரே நிறம் என்பதால் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. ரவுண்டின் அடியில் கம்பெனி முத்திரை மட்டும்தான் இருக்கும். லாட் எண், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கைக் காட்டும் எண், அச்சாகியிருப்பது பெட்டியில். பெட்டியை வீசிய நிமிடத்திலிருந்து அந்த ரவுண்டுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

செயற்குழுவில் பாதிப் பேர் ஷாட்கன் ஆட்கள் (தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்). அதனால் பாயின்ட் டூ டூ போன்ற ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் அடித்துப் பற்றவைக்கும்) ரவுண்டு மட்டும் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ஆப்பம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவை நடுவில் ஊற்றிச் சட்டியைச் சுழற்றினால் மாவு ஓரத்துக்கு ஓடும். பாயின்ட் டூ டூ ரவுண்டின் அடியில் நடப்பதும் அதுதான். ஈரமாக இருக்கும் பற்றுமருந்தைத் துளியளவு பித்தளைக் குப்பியில் வைத்து, சுழற்றி, அடிவிளிம்பின் உள்மடிப்புக்குள் தள்ளுகிறார்கள். விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பைத்தான் நசுக்குகிறது. ஆப்பத்தில் ஓர் ஓரத்துக்கு மாவு எட்டாமல் போனால் சாப்பிட்டுவிடலாம். இங்கே மருந்து எட்டாத இடத்தில் ஊசி விழுந்தால் "டிக்" என்ற சத்தத்தோடு சரி. அதே ரவுண்டைக் கொஞ்சம் திருப்பி வைத்து அடித்தால் சில சமயம் வெடித்துவிடும். விளிம்பில் ஓரிடத்தில் மருந்து தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் ஒவ்வொரு ரவுண்டும் ஒவ்வொரு வேகத்தில் பற்றும்.

வேகம் மாறினால் என்ன ஆகும்? குண்டு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். ஒலியின் வேகத்தைத் தொடாமல் அதற்குச் சற்றுக் கீழே நிற்கும்படியாகத்தான் போட்டி ரவுண்டுகளைச் செய்கிறார்கள். 50 மீட்டரைக் கடக்க அதற்கு 0.16 நொடி பிடிக்கும். அந்த நேரத்தில் குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் கீழே விழுகிறது. சைட்டை அதற்கு ஏற்றபடி வைத்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. வேகம் 10 மீட்டர் குறைந்தால் இன்னும் ஏழெட்டு மில்லிமீட்டர் கூடுதலாக விழும். நம் டார்கெட்டில் ஒரு வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். தசமக் கணக்கில் 0.8 மில்லிமீட்டருக்கு 0.1 புள்ளி போகிறது. அந்தப் பெண் மூச்சையும் விடவில்லை, ஒன்றையும் விடவில்லை. நாம் கொடுத்த தட்டு அவளுடைய பத்தை ஒன்பதாக்கிவிட்டது.

ஷாட்கன்காரர்களும் பெரிய ரைபிள்காரர்களும் மருந்தை அளந்து கையாலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் நாடுகள் உண்டு. ரிம்ஃபயரில் நடைமுறையில் அந்த வழி கிடையாது. விளிம்பு ஒருமுறை நசுங்கினால் கதை முடிந்தது. தொழிற்சாலை எப்படிச் செய்து அனுப்பியதோ அப்படியே சுட வேண்டியதுதான். எனவே எந்தத் தொழிற்சாலை, எந்த லாட் என்பது இந்த விளையாட்டில் பாதி.

"நல்ல ஐரோப்பியக் கம்பெனி சரக்குதானே வாங்கியிருக்கிறோம்" என்று செயலாளர் ஒருமுறை சொன்னார். பெயரை வைத்து ஊரைச் சொல்ல முடியாத சரக்கு இது. லாபுவா என்பது பின்லாந்தில் ஓர் ஊர். ஆனால் லாபுவா பெயரில் வரும் பாயின்ட் டூ டூ ரவுண்டு ஜெர்மனியில், எல்பே நதிக்கரையில் இருக்கும் ஷோனெபெக் என்ற ஊரில் தயாராகிறது. பழைய கிழக்கு ஜெர்மனித் தொழிற்சாலை அது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு பின்லாந்துக்காரர்கள் கைக்கு வந்தது. எஸ்.கே. என்ற பெயரில் வரும் விலை குறைந்த ரவுண்டும் அதே வளாகத்திலிருந்துதான் வருகிறது. உல்ஃப் என்று பெட்டியில் போட்டு வந்த மேட்ச் ரவுண்டை ரஷ்யச் சரக்கு என்று நம்மில் பலர் நினைத்தோம். அதுவும் ஷோனெபெக்தான். ஆர்.டபிள்யூ.எஸ். ஜெர்மன் பெயர், ஆனால் 2022இலிருந்து இத்தாலியின் பெரெட்டா குழுமத்துக்குச் சொந்தம். ஈலி மட்டும் பெயருக்கு ஏற்றபடி இங்கிலாந்து, பர்மிங்காம் பக்கத்தில். மெக்சிகோவின் ஆகிலா ரவுண்டில் இருப்பதோ ஈலியின் பற்றுமருந்து முறை. இந்த ஜாதகத்தையெல்லாம் ஸ்டோர் தம்பி மனப்பாடம் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எண்ணை ரெஜிஸ்டரில் எழுதினால் போதும் என்கிறேன்.

அந்த எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தக் கம்பெனிகளே சாட்சி. ஈலி பெட்டியில் லாட் எண்ணோடு அந்த லாட்டின் சராசரி வேகத்தையும் அடி கணக்கில் போட்டிருப்பார்கள். 1054, 1071, 1085 என்று. பெரிய போட்டிகளுக்குப் போகிறவர்கள் தங்கள் ரைபிளைத் தொழிற்சாலையின் சோதனை ரேஞ்சுக்கே கொண்டுபோய், அதை இடுக்கியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, தன் குழலுக்கு எது பிடிக்கிறதோ அதை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். ஈலியின் விலை கூடிய டெனெக்ஸ் ரவுண்டுதான் எல்லாக் குழலுக்கும் பிடிக்கும் என்றும் இல்லை. நம் கிளப்பின் இரண்டாம் நம்பர் ஆன்ஷுட்ஸ் ரைபிளுக்குப் பிடித்த லாட்டை நான்காம் நம்பர் துப்பிவிடுகிறது. இதை நானே பேப்பர் டார்கெட்டில் சுட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், ரேஞ்ச் சுவரில் பார்க்கலாம்.

2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலை (முழங்காலிட்டு, படுத்து, நின்று சுடும்) போட்டியில் வெண்கலம் வாங்கியபோது நாம் எல்லோரும் கிளப் வாசலில் லட்டு கொடுத்தோம். அந்தப் போட்டியில் ஓர் இந்தியருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. நம் கிளப்பிலும் அது நடக்கட்டும் என்று அன்றைக்கு மேடையில் பேசினீர்கள். நான் கைதட்டினேன். அதே வாரம் தகர ஷெட்டில் ரவுண்டு பெட்டிகள் வெந்துகொண்டிருந்தன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு, கிரீஸ் எல்லாம் இளகி அட்டைப்பெட்டியில் எண்ணெய்க் கறையாகிவிட்டது. பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி இருக்கிறது. கத்திரியில் சூடேறிய ரவுண்டு காலையில் சுட்ட வேகத்தில் மதியம் சுடாது. பூட்டு, இரும்புக் கதவு எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கின்றன, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் வெயிலைப் பற்றிப் பேசுவதில்லை. கான்கிரீட் கூரை இருக்கும் அலுவலக அறையின் உள்ளறைக்கு, அனுமதி வாங்கி, மாற்றலாம்.

உங்கள் பக்கத்து சிரமமும் எனக்குத் தெரியும். இறக்குமதி ரவுண்டு வாங்குவது அரிசி மூட்டை வாங்குவது போல இல்லை. உரிமம், ஒதுக்கீடு, சுங்கம், போலீஸ் ரெஜிஸ்டர் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று வருகிறீர்கள். வந்ததே பெரிது என்ற நிலையில் லாட் பார்த்துப் பொறுக்க எங்கே நேரம் என்பீர்கள். யுக்ரேன் போர் தொடங்கியதிலிருந்து ஐரோப்பாவில் வெடிமருந்துக்கே தட்டுப்பாடு. ஒத்துக்கொள்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு விலை குறைந்த ரவுண்டே போதும் என்பதும் என் கட்சிதான். நான் கல்லூரியில் என்.சி.சி.யில் ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு ஐந்து கோக்காவை (சுட்ட காலிக் குப்பியை) பொறுக்கி எண்ணிக் கொடுத்துப் படித்தவன். டெனெக்ஸ் கொடு என்று அழுததில்லை. கலக்காதீர்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

கலக்காமல் இருக்க ஒரு ரூபாய் செலவில்லை. பெட்டியைப் பிரிக்காமல், மூடியோடு கொடுங்கள். மீந்ததை அதே பெட்டியில் திருப்பி வாங்குங்கள். ரெஜிஸ்டரில் இப்போது தேதி, பெயர், எண்ணிக்கை, கையெழுத்து என்று நான்கு கட்டம் இருக்கிறது. ஐந்தாவதாக லாட் எண்ணுக்கு ஒரு கட்டம் கோடு போட எனக்கு ஒரு ஸ்கேல் போதும், நானே போட்டுத் தருகிறேன். 60 ஷாட் போட்டிக்கு, சைட்டரோடு (கணக்கில் சேராத முன்னோட்ட ஷாட்) சேர்த்து, ஐம்பது ரவுண்டுப் பெட்டி ஒன்று ஒருபோதும் பத்தாது. இரண்டாவது பெட்டி கட்டாயம் நடுவில் திறக்கப்படும். எனவே போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு பெட்டியும் ஒரே லாட்டில் போக வேண்டும். அடுத்த ஆர்டர் போடும்போது வியாபாரியிடம் கையிருப்பில் உள்ள லாட்டுகளில் ஒவ்வொரு பெட்டி கேளுங்கள். நான்கு ரைபிளிலும் சுட்டுப் பார்த்து இரண்டு நாளில் முடிவு சொல்கிறோம். பிறகு 5,000 ரவுண்டு கேஸாக, ஒரே லாட்டில் வாங்குங்கள்.

இன்னொன்று. "டிக்" என்று மட்டும் சத்தம் வந்த ரவுண்டை யார் சுட்டாலும் முப்பது விநாடி குழலை டார்கெட் பக்கமே வைத்திருக்கச் சொல்லித்தான் நான் பழக்கியிருக்கிறேன். அந்த ரவுண்டுகளையும், பாதி பலத்தில் "புஸ்" என்று போனவற்றையும் இனி தனியாக எண்ணி, லாட்டோடு எழுத வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. பையன் சத்தத்தில் வித்தியாசத்தைக் கவனித்துக் கையைத் தூக்கினான். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும். அது எந்த லாட் என்று அன்று கேட்டேன். ஸ்டோரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதே லாட் அடுத்த வாரமும் தட்டில் இருந்ததா என்பதும் தெரியாது.

லேத்காரர் அளந்து எழுதிய தாளின் நகலை ஸ்டோர் ரெஜிஸ்டரில், அந்தப் போட்டித் தேதி உள்ள பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். அந்தப் பித்தளை வளையத்தையும் அவர் கிளப்புக்கே கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் அவர் மகளுக்குத் தென்மண்டலப் போட்டி இருக்கிறது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டி கேட்டு வருவாள்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை ரேஞ்ச் ஆபீசர்