மூன்று நாள் வகுப்பில் உட்காராதவரை டேங்கரில் ஏற்றாதீர்கள்

எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர்களுக்கும், லோடு கொடுக்கும் எண்ணெய் நிறுவனங்களின் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நாமக்கல்லில் டேங்கர் ஓட்டும் டிரைவர் எழுதுகிறேன். வண்டியில் டிரைவரோடு இன்னொரு ஆளும் வர வேண்டும் என்கிற இரண்டாவது ஆள் பிரச்சினை உங்களுக்குப் புதிதல்ல. ஆள் இல்லாவிட்டால் அபராதம் என்றது எண்ணெய் நிறுவனத் தரப்பு. கட்டுப்படியாகாது என்று 2025 மார்ச்சில் வண்டிகளை நிறுத்தியது உரிமையாளர் தரப்பு. அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதாக என் காதில் விழவில்லை.

போன மாதம் மங்களூரில் லோடு ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். கண்ணூர் தாண்டி, நல்ல மழை. ஓரமாக நிறுத்திவிட்டு கேபினில் படுத்தேன். நடு ராத்திரியில் புஸ்ஸென்று ஒரு சத்தம். வால்வுதான் கசிகிறது என்று நினைத்து, செருப்புகூடப் போடாமல் குதித்தேன். பின் சக்கரங்களுக்கு நடுவே, காற்றுக்கு மறைவாக, பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து சோறு வடிக்க உட்கார்ந்திருந்தான் கூட வந்த தம்பி. தலைக்கு மேலே 18 டன் கேஸ். ஸ்டவ்வின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டு அணைத்தபோது என் கை நடுங்கியது. "ஏனுங்கண்ணா, கேஸு உள்ளதானுங்களே இருக்குது?" என்றான்.

கசிந்த கேஸ் மேலே போகாது, காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் லைசென்ஸில், ஆபத்தான சரக்கு வண்டி ஓட்டலாம் என்கிற ஹசார்டஸ் முத்திரை இருக்கிறது! அதற்கான மூன்று நாள் வகுப்பு எங்கே முடித்தாய் என்று கேட்டேன். "ஆபீஸ்லயே முடிச்சுக் குடுத்துட்டாங்கண்ணா" என்றான்.

நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கம்தான் சாலா என்கிற ஊர். 2012 ஆகஸ்ட் 27 ராத்திரி, இதே மங்களூர் லோடு ஒன்று அங்கே கவிழ்ந்து, கசிந்து, வெடித்தது. 20 பேர் போனார்கள். 2025 ஜனவரியில் கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் கவிழ்ந்த டேங்கர் பற்றாமல் போனது நாம் செய்த புண்ணியம்.

பிளான்ட் கேட்டில் தீப்பெட்டியை வாங்கி வைக்கிறீர்கள், போனை வாங்கி வைக்கிறீர்கள், சைலன்சரில் தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறீர்கள். நல்லது. லோடோடு கேட்டைத் தாண்டிய பிறகு அதே தீப்பெட்டி டேங்கருக்கு அடியில் வருகிறதே, அதை யார் பார்ப்பது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 9-ஆம் விதி, ஆபத்தான சரக்கு வண்டி ஓட்டுபவருக்கு மூன்று நாள் பயிற்சி என்கிறது. புதிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த மூன்று நாளை உண்மையிலேயே நடத்துங்கள். வகுப்பில் உட்காராதவரை வண்டியில் ஏற்றாதீர்கள். கேட்டில் தாளை மட்டும் பார்க்காமல், ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்று எழுதியிருக்கும் ட்ரெம் கார்டைக் கையில் கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள், போதும். அந்தக் கார்டைத் தமிழிலும் கொடுங்கள். எங்கள் கேபினில் இருப்பது ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. கசிவு நேரத்தில் அகராதி தேட முடியாது.

அவன் ஏன் ரோட்டில் சமைத்தான் என்றும் கேட்க வேண்டும். டேங்கரைப் பார்த்ததுமே ஓட்டல்காரர்கள் கையை ஆட்டி விரட்டுகிறார்கள். நிறுத்த இடம் கிடையாது. 1961-லேயே எட்டு மணி நேர வேலை என்று சட்டம் போட்டாயிற்று, எந்த லோடு எட்டு மணி நேரத்தில் முடிகிறது? பேட்டாவை நேரத்துக்குக் கொடுத்தால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு யார் திரியப் போகிறார்கள்? சரி, கோபத்தில் எங்கோ போகிறேன். மன்னிக்கவும்.

இப்போதைக்குக் கேட்பது ஒன்றுதான் ஐயா. வகுப்பில் உட்காராதவரை டேங்கரில் ஏற்றாதீர்கள். தயவுசெய்து அந்தத் தம்பியை வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் அவன் சம்பளம்தான். மூன்று நாள் சம்பளம் போட்டு வகுப்புக்கு அனுப்புங்கள். முடித்துவிட்டு வரட்டும், என் வண்டியிலேயே ஏற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டேங்கர் டிரைவர், நாமக்கல்