பர்மிட் கையில் இருக்கிறது, பாதை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க மேற்கு மாநிலங்களின் வில் வேட்டைப் பருவம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். செப்டம்பர் மாதத்தில் எல்க் என்ற பெரிய மானினத்தின் ஆண் எழுப்பும் சத்தத்தை நன்றாகவே எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் "லைசென்ஸ் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் போகலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மொன்டானாவில் குடியிருப்பவன் என்ற முறையில் அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லத் தோன்றுகிறது. நான் வேட்டைக்குப் போகிறவன் அல்ல. ஆனால் என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் செப்டம்பர் பிறந்தால் லீவு போட்டுவிட்டு வில்லோடு மலையேறுகிறவர்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மதியச் சாப்பாட்டு மேஜையில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

லைசென்ஸ் வாங்குவது சுலபம், உண்மைதான். வில் வேட்டைக்கென்று ஒரு பயிற்சி வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், அவ்வளவே. ஆனால் மாநிலத்தின் பல வேட்டை மாவட்டங்களில் லைசென்ஸ் மட்டும் போதாது, தனியாக ஒரு பர்மிட் வேண்டும். ஏப்ரல் 1-க்குள் விண்ணப்பித்துவிட்டுக் குலுக்கலுக்காகக் காத்திருக்க வேண்டும். கிடைக்காதவர்களில் அதற்கென்று தனிக் கட்டணம் கட்டியவர்களுக்கு, அடுத்த குலுக்கலில் வாய்ப்பைக் கூட்டும் போனஸ் புள்ளி ஆண்டுதோறும் சேரும். பர்மிட்டுகளில் வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 640 ஏக்கருக்குக் குறையாமல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு 15 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. மிசூரி ஆற்றங்கரையில் 'பிரேக்ஸ்' என்று சொல்லும் கரடுமுரடான பள்ளத்தாக்குகளுக்கும் சுற்றுப்பட்ட மாவட்டங்களுக்கும் 2008 வாக்கில்தான் வில் வேட்டைக்கும் பர்மிட் முறை வந்தது. அன்றிலிருந்து பண்ணையாளர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

சரி, குலுக்கலில் பெயர் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் நிஜமான தலைவலி. எல்க் பொதுச் சொத்து. சட்டப்படி அது மாநில மக்கள் அனைவருக்கும் உரியது. அது மேய்கிற புல்லோ யாரோ ஒருவருடையது. பெரிய விலங்குகளை வேட்டையாடத் தனியார் நிலத்தில் கால் வைக்க மொன்டானாவில் உரிமையாளரின் அனுமதி வேண்டும், எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பலகைக்குப் பதிலாக வேலிக்கம்பத்தின் உச்சியில் பளிச்சென்ற ஆரஞ்சு பெயின்ட் பூசிவிடுவார்கள். சட்டத்தின் முன் அதுவே "உள்ளே வராதே" என்ற அறிவிப்பு. நகரத்தை விட்டு அரை மணி நேரம் காரில் போனால் சாலையின் இரு பக்கமும் ஆரஞ்சுக் கம்பங்கள்தான். அவற்றுக்கு அப்பால் மலையடிவாரத்தில் மத்திய அரசு நிலம் இருக்கும். கண்ணுக்குத் தெரியும், கால் போகாது.

இதற்குக் காரணம் 1860களில் ரயில் கம்பெனிகளுக்கு நாடாளுமன்றம் கொடுத்த நிலதானம். தண்டவாளத்தின் இரு பக்கமும் ஒரு சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒன்றை விட்டு ஒன்றைக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள், மீதியை அரசு வைத்துக்கொண்டது. சதுரங்கப் பலகையில் கறுப்புக் கட்டங்கள் ஒன்றையொன்று மூலையில் மட்டும் தொடுவதுபோல, அரசு நிலத்தின் ஒரு கட்டமும் அடுத்த கட்டமும் ஒரு புள்ளியில் மட்டுமே தொடும். அந்தப் புள்ளியைத் தாண்டும்போது உங்கள் தோள் அரை நொடி தனியார் நிலத்துக்கு மேலே காற்றில் இருக்கும். அது அத்துமீறலா? மேற்கு மாநிலங்களில் இப்படி மூலையில் மாட்டிக்கொண்ட பொது நிலம் 83 லட்சம் ஏக்கர் என்று ஓன்எக்ஸ் என்ற வரைபடச் செயலி நிறுவனம் கணக்கிட்டது.

2021-இல் வயோமிங் மாநிலத்தின் எல்க் மவுன்டன் பகுதியில் மிசூரி மாநில வேட்டைக்காரர்கள் நால்வர் இதைச் செய்தே காட்டினார்கள். முந்தைய வருடம் அவர்களில் மூவர் வந்தபோது, மூலையில் இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டு நடுவே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார்கள். மறுவருடம் தாங்களே செய்த இரும்பு ஏணியைக் கொண்டுவந்து, மண்ணில் கால் படாமல் அரசு நிலத்திலிருந்து அரசு நிலத்தில் இறங்கினார்கள். கிரிமினல் வழக்கில் 2022-இல் ஜூரி அவர்களை விடுவித்தது. பண்ணை உரிமையாளர் லட்சக்கணக்கான டாலர் இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போட்டார், அதிலும் தோற்றார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது நிலத்தை வேலி போட்டு மறிப்பதைத் தடுக்கும் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் இந்த மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வட்டாரவாரியாகப் பிரிக்கப்பட்டவை. வயோமிங் பத்தாவது வட்டத்தில், மொன்டானா ஒன்பதாவது வட்டத்தில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. மூலை தாண்டுவது இங்கே சட்டவிரோதம்தான் என்று எங்கள் மாநில வனவிலங்குத் துறை சொல்லிவருகிறது. ஃபெர்கஸ் கவுன்ட்டியில் டர்ஃபீ ஹில்ஸ் என்ற பொது நிலம், நாலாபுறமும் ஒரே பண்ணை சூழ்ந்து கிடக்கிறது. அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் சின்ன விமானத்தில் போய் இறங்குகிறார்கள்! கையில் காசுள்ளவனுக்கு வானம் திறந்திருக்கிறது.

இப்போது பர்மிட்டுக்குத் திரும்புகிறேன். எல்க் எண்ணிக்கை அரசு நிர்ணயித்த இலக்கை எங்கேயோ தாண்டிவிட்டது, ஆகவே பர்மிட்டுகளைத் தாராளமாகக் கொடுங்கள் என்பது பெரும் பண்ணைக்காரர்களின் வாதம். 2021 கடைசியில் துறையே இதற்கு இசைந்து, சில மாவட்டங்களில் தனியார் நிலத்துக்கு மட்டும் வரம்பில்லாமல் பர்மிட் தரலாம் என்றொரு யோசனையை முன்வைத்தது. வேட்டைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். மறுவருடம் நில உரிமையாளர் சங்கம் ஒன்று, எல்க் எண்ணிக்கையை இலக்குக்குக் குறைக்கவில்லை என்று துறை மீதே வழக்குப் போட்டது.

எனக்கு விளங்காதது இதுதான். மந்தையைக் குறைக்க வேண்டுமென்றால் சுட வேண்டியது பெண் எல்க்கை. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் இனத்தில், பெரிய கொம்புள்ள ஆண்களை எத்தனை அடித்தாலும் அடுத்த வருடக் கன்றுகள் குறையப் போவதில்லை. பெண் எல்க்கை அடிக்க இங்கே ஆளுக்கா பஞ்சம்? கறிக்காக வேட்டையாடும் ஆசிரியர்கள், மெக்கானிக்குகள், நர்ஸ்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கேட் திறப்பதில்லை. பண்ணைக்காரர்களுக்கு ஆண் எல்க் பர்மிட் மட்டும் வேண்டும். ஏனென்றால் அதைத்தான் வழிகாட்டிக் கட்டணத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான டாலருக்கு வெளியூர்க்காரரிடம் விற்க முடியும். எல்க்கும் லேசுப்பட்டதல்ல. பொது நிலத்தில் வில்லோடு ஆள் நடமாட்டம் தொடங்கியதும், தொல்லையில்லாத தனியார் நிலத்துக்கு இடம்பெயர்ந்து பருவம் முடியும்வரை அங்கேயே படுத்துக்கிடக்கும்.

பண்ணையாளர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பனிக்காலத்தில் நூற்றுக்கணக்கான எல்க் வந்து வைக்கோல் போரைத் தின்று தீர்த்து வேலியை மிதித்துப் போட்டால் நஷ்டம் அவர்களுடையதுதானே. யெல்லோஸ்டோனை ஒட்டிய பகுதிகளில் மாடுகளுக்கு புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய் தொற்றிவிடுமோ என்ற பயம் வேறு. கேட்டை மூடாமல் போனவர்கள், மாட்டுக் கன்றுகளுக்கு நடுவே வண்டி ஓட்டியவர்கள் என்று வேட்டைக்காரர்களைப் பற்றி அவர்கள் சொல்லும் கதைகளும் பொய்யல்ல. ஆனால் பொதுமக்களை ஓரளவாவது வேட்டைக்கு அனுமதிக்கும் பண்ணைகளுக்குத்தான் பயிர்ச் சேத உதவி என்று மாநிலம் ஏற்கெனவே விதி வைத்திருக்கிறது. 'பிளாக் மேனேஜ்மென்ட்' திட்டத்தில் நிலத்தைத் திறந்துவிடும் பண்ணைகளுக்கு வேட்டை லைசென்ஸ் பணத்திலிருந்து ஒரு தொகை கொடுக்கிறார்கள். வேலியோரத்தில் ஒரு பெட்டி இருக்கும், சீட்டில் பெயரெழுதிப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். இப்படித் திறந்திருப்பது ஏறக்குறைய 70 லட்சம் ஏக்கர். 2001-இல் வந்த இன்னொரு சட்டப்படி, பொதுமக்களை இலவசமாக வேட்டைக்கு விட ஒப்பந்தம் போடும் உரிமையாளருக்குக் குலுக்கல் இல்லாமலே பர்மிட் கிடைக்கிறது.

என் கட்சி இந்தக் கடைசிச் சட்டத்தின் பக்கம்தான். வில் வேட்டைக்குக் கூடுதல் பர்மிட் வேண்டும் என்கிற பண்ணை, அதற்கு ஈடாகப் பெண் எல்க் வேட்டைக்காரர்களுக்கு எத்தனை நாள் கேட்டைத் திறக்கும் என்று எழுதிக் கொடுக்கட்டும். எழுதிக் கொடுத்தால் பர்மிட், இல்லாவிட்டால் மற்றவர்களோடு குலுக்கல். பிரேக்ஸ் பகுதியில் இன்று மேய்கிற மந்தையே 1950களின் தொடக்கத்தில் யெல்லோஸ்டோனிலிருந்து அரசு கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்தான். ஊர்ப் பணத்தில் பெருகிய மந்தைக்கு ஊரார் இவ்வளவு கேட்பது அதிகமில்லை.

இன்னொரு சின்ன விஷயம். கட்டுரையோடு எல்க் என்று போட்டிருந்த படத்தில் இருப்பது எல்க் அல்ல, மூஸ். கொம்பு முறம்போல் தட்டையாக விரிந்திருக்கிறது பாருங்கள். எல்க்குக்குக் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்
போஸ்மன், மொன்டானா