முகாம் நெருப்பில் போடச் சொல்லும் அந்தச் சீட்டு

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயாமாருக்கும், வாலிபர் முகாம்களை நடத்துகிற அண்ணன்மார், அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

மே மாதம் வரப்போகிறது. முகாமுக்கு இடம் பார்த்து, பாட்டுப் புத்தகம் அச்சடித்துக்கொண்டிருப்பீர்கள். கடைசி ராத்திரி நிகழ்ச்சியை முடிவு செய்யும் முன்னே இதை வாசித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படி ஒரு முகாமுக்குப் போனபோது எனக்கு 19 வயது. அந்தக் கடைசி ராத்திரி ஆளுக்கொரு துண்டுத் தாளும் பேனாவும் தந்தார்கள். "உன் மனசில் இருக்கிற சொந்த ஆசையை எழுது. சுயம் சாகணும். அதைச் சிலுவையடியில் கொண்டுவந்து எரித்துவிடு" என்றார் செய்தி கொடுத்தவர். கோடு போட்ட நோட்டுத் தாள். "மதுரைக்குப் போய் எம்.எஸ்ஸி. படிக்கணும்" என்று நீல மையில் எழுதி, நாலாக மடித்து நெருப்பில் போட்டேன். சூட்டில் மடிப்பு தானாக விரிந்தது. கருகுவதற்கு முன் 'மதுரை' என்ற எழுத்து மட்டும் ஒரு விநாடி தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் எல்லோரும் அழுதுகொண்டு பாடினோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "மேலே படிக்கிறியாம்மா?" எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். அப்பா அதை நம்பினார். பிறகு எதைக் கேட்டாலும் "ஆண்டவர் சித்தம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். மாப்பிள்ளை பார்த்தபோதும் அதே பதில்தான். என் கணவர் நல்லவர், அவரிடம் ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. பல வருஷம் முழங்காலில் நின்றால் எனக்காகக் கேட்க ஒன்றும் இருக்காது. பிள்ளைகளுக்காக, சபைக்காக, தேசத்துக்காக ஜெபிப்பேன். என்னைப் பற்றி ஆண்டவரிடம் பேச ஒரு வார்த்தை வராது. அதை நான் பரிசுத்தம் என்று நினைத்திருந்தேன்.

மாற்கு பத்தாம் அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் என் கண் திறந்தது. அந்த ஒரே அதிகாரத்தில் இயேசு ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார். முதலில் தம் சீஷர்களான யாக்கோபிடமும் யோவானிடமும்: "நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும்?" வலதுபக்கம் ஒருவன், இடதுபக்கம் ஒருவன் உட்கார வேண்டும் என்கிறார்கள். தப்பான ஆசைதான். ஆனாலும் அவர் அவர்களை வாயடைக்கவில்லை. சொல்லவிட்டு, கிட்டே வரச்செய்து பேசி, பெரியவனாக விரும்புகிறவன் ஊழியக்காரனாக இருக்கட்டும் என்று அந்த ஆசையைத் திருப்பிவிடுகிறார். அவர்கள் அதைச் சொல்லாமல் எரித்திருந்தால் திருப்ப என்ன இருந்திருக்கும்?

இரண்டாவது, எரிகோ வழியோரத்தில் உட்கார்ந்திருந்த பர்திமேயுவிடம். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். இயேசுவோ அவன் வாயால் கேட்க விரும்பினார். அவன் கூப்பிட்டபோது பேசாதிருக்கும்படி அதட்டியவர்கள் அவரைச் சுற்றி நடந்த கூட்டத்தார்தான். ஐயாமாரே, அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் முகாம் மேடை ஞாபகம் வருகிறது.

சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்ததைக் காட்டித்தான் எங்களை எரிக்கச் சொன்னீர்கள். "என்னுடைய சித்தத்தின்படியல்ல." அந்த வரிக்கு முன்னால், "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்" என்று அவர் தம் விருப்பத்தைத் தகப்பனிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். மூன்று தடவை போய் ஜெபித்தார் என்கிறது மத்தேயு. ஒப்புக்கொடுத்தது, விருப்பத்தைச் சொன்ன பிறகு. தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாத பிள்ளை எதை ஒப்புக்கொடுக்கும்?

இன்னொன்று. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் "மாம்ச இச்சை" என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல் எபித்துமியா. கடைசி இராப்போஜனத்தில் "இந்தப் பஸ்காவைப் புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன்" என்று ஆண்டவர் சொல்கிற இடத்திலும் அதே சொல்தான். நம் வேதாகமத்தில் ஒன்று இச்சை, மற்றது ஆசை. பத்தாம் கற்பனை தடுப்பதும் பிறனுக்குள்ளதை இச்சிப்பதை. எதை, எதற்காக என்பதில்தான் வேறுபாடு. ஆசை கெடுக்கும் என்று யாக்கோபின் நிருபம் எச்சரிப்பதை நான் மறுக்கவில்லை. கெடுப்பது எது என்று சோதித்துப் பார்க்கவாவது பிள்ளை அதைக் கையில் வைத்திருக்க வேண்டாமா?

அந்தச் சோதனைக்கு ஒரு வழி பழைய சபையில் உண்டு. 1521-ல் ஸ்பெயினின் பம்ப்ளோனா கோட்டையில் குண்டடிபட்டுக் கால் நொறுங்கிப் படுத்திருந்த, பின்னாளில் இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாருக்கு இரண்டு விதமான கனவுகள் வந்தன. வீரச் செயல்களும் ஒரு சீமாட்டியும் ஒன்று, புனிதர்களைப் போல வாழ்வது மற்றொன்று. நினைக்கும்போது இரண்டும் இனித்தன. முதலாவது முடிந்ததும் மனம் வறண்டது, இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. அதைக் கவனித்ததில் தொடங்கியது அவர் வழி. பின்னாளில் அவர் வகுத்த தியானங்களிலும், நான் விரும்புவதை ஆண்டவரிடம் கேட்பது ஒவ்வொரு தியானத்தின் தொடக்கத்திலும் வருகிறது. 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் இவருடைய தோழர். கத்தோலிக்கர் வழி என்று தள்ளிவிடாதீர்கள்.

மனதில் கனமாக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பையன் வெளிநாடு போக ஆசைப்பட்டால் பலிபீடத்தின் முன் நிறுத்தி ஜெபிக்கிறோம், விசா கிடைத்தால் ஸ்தோத்திரக் காணிக்கை வாங்குகிறோம். பெண்பிள்ளை வெளியூரில் படிக்க ஆசைப்பட்டால் "சுயசித்தம்" என்கிறோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், "அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்" என்ற வாக்குத்தத்த அட்டையை அவள் கையில் கொடுப்பதும் நாம்தான்.

பிள்ளை வேண்டும் என்று ஏங்கிய அன்னாள் உதடு அசைய அழுது ஜெபித்தபோது, ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். அவள் "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று சொன்னதும் பேச்சை மாற்றி, சமாதானத்துடன் போ என்று ஆசீர்வதித்தான். பிசகைத் திருத்திக்கொண்ட அந்த ஏலியை எனக்குப் பிடிக்கும்.

என் வகுப்பில் 17 வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். போன ஞாயிறு எல்லோரும் போன பிறகு நின்று, "அக்கா, நான் வக்கீலுக்குப் படிக்கணும்னு ஆசைப்படுறேன். அது பாவமாக்கா?" என்று கேட்டாள். இந்த மே மாதம் உங்கள் முகாமுக்கு வருகிறாள். அவளுக்கும் சீட்டு கொடுங்கள், எழுதச் சொல்லுங்கள். நெருப்பு மட்டும் வேண்டாம். ஒரு அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஆண்டவர் உனக்கு என்ன செய்யணும்மா?" என்று கேட்கச் சொல்லுங்கள். சட்டென்று பதில் வராது. கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை