சூடு காட்டும் முன்பே ஸ்லிப் காட்டிவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள லாரிகள், பிக்கப் வண்டிகளின் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ‘ஆயில் சூட்டைக் கவனித்துக்கொண்டால் போதும்’ என்கிறது. போதாது. பல வண்டிகளில் சூட்டு மீட்டருக்கான சென்சார் சம்ப்பில் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கிறது. இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து வெளியேறும் ஆயில் நேராகக் கூலருக்குப் போய், ஆறிய பிறகுதான் சம்ப்புக்குத் திரும்புகிறது. கூலர் நன்றாக வேலை செய்தால், உள்ளே இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்சின் லைனிங் (உராய்வுப் பட்டை) கருகிக்கொண்டிருக்கும்போதும் மீட்டர் முள் வழக்கமான இடத்திலேயே நிற்கும். முதலில் மாறுவது ஸ்லிப்.

இன்ஜின் ஆர்.பி.எம்.மிலிருந்து டர்பைன் (கன்வெர்ட்டரில் கியர்பாக்ஸைச் சுழற்றும் பகுதி) ஆர்.பி.எம்.மைக் கழித்தால் வருவதே ஸ்லிப். வண்டி புறப்படும்போதும் மேடேறும்போதும் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். அதில் தவறில்லை, கன்வெர்ட்டர் இழுவையைப் பெருக்குவதே அந்த வித்தியாசத்தை வைத்துத்தான். லாக்-அப் பிடித்த பிறகு உள்ள ஸ்லிப்தான் கணக்கில் வரும். கனரக வண்டிகளில் பெரும்பாலும் அது பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். சில இலகு ரக கியர்பாக்ஸ்களில் அதிர்வைத் தணிக்க வேண்டுமென்றே 20 முதல் 50 ஆர்.பி.எம். வரை நழுவ விடுவார்கள். எனவே அந்தந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் ‘40 காட்டுகிறது, கன்வெர்ட்டர் போச்சு’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

நழுவல் ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு சிறு கணக்கு. லாக்-அப் கிளட்ச் 800 நியூட்டன் மீட்டர் டார்க்கைக் கடத்தும்போது 100 ஆர்.பி.எம். நழுவினால், அந்த லைனிங்கில் பிறக்கும் வெப்பம் சுமார் 8.4 கிலோவாட். எட்டு இஸ்திரிப் பெட்டிகளை ஆயிலுக்குள் முக்கி ஓடவிட்ட மாதிரி. காகிதத்தன்மையுள்ள லைனிங் இதை வெகுநேரம் தாங்காது.

பார்ப்பது எப்படி? கனரக வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் ஜே1939 இணைப்பில் எல்லாமே கிடைக்கும்: இன்ஜின் வேகம் பிஜிஎன் (தகவல் தொகுப்பு எண்) 61444-இலும், டர்பைன் (இன்புட் ஷாஃப்ட்) வேகம், அவுட்புட் ஷாஃப்ட் வேகம், லாக்-அப் பிடித்திருக்கிறதா என்ற குறிப்பு ஆகிய மூன்றும் பிஜிஎன் 61442-இலும் வருகின்றன. இலகு ரக வண்டிகளின் ஓபிடி (பழுதறியும்) இணைப்பில் இன்ஜின் வேகம் மட்டுமே பொதுவானது. டர்பைன் வேகத்தை அந்தக் கம்பெனியின் தகவல்களைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர்தான் காட்டும். டர்பைன் சென்சாரே இல்லாத கியர்பாக்ஸ் என்றால், அவுட்புட் வேகத்தைக் கியர் விகிதத்தால் பெருக்கிக்கொள்ளலாம். விகிதம் 0.75, அவுட்புட் 2,000 என்றால் டர்பைன் 1,500. அப்போது இன்ஜின் 1,620 காட்டினால் ஸ்லிப் 120.

இந்தப் பெருக்கல் முறையில் ஒரு பொறி இருக்கிறது. கியருக்கான கிளட்ச் உள்ளே நழுவினாலும் இதே 120 வரும். கன்வெர்ட்டர்மேல் பழி விழும். இன்புட் சென்சார் இருந்தால் பிரித்துவிடலாம்: இன்ஜினுக்கும் இன்புட்டுக்கும் இடையே வித்தியாசம் என்றால் கன்வெர்ட்டர், இன்புட்டை அவுட்புட்டால் வகுத்து வருவது கியர் விகிதத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் கியர் கிளட்ச். சென்சார் இல்லையென்றால், லாக்-அப் பிடிக்கும் எல்லா கியர்களிலும் நழுவுகிறதா, ஒரே கியரில் மட்டுமா என்று பாருங்கள். ஒரே கியரில் மட்டும் என்றால் கன்வெர்ட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

ஆயில் வேலைச்சூட்டுக்கு வந்த பிறகு, சமதளச் சாலையில், ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல் ஒரே வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்ய வேண்டும். வேகம் ஏறி இறங்கும்போது எடுத்த எண்களை நம்பக் கூடாது. இரண்டு வேகங்களும் வேறு வேறு நேரத்தில் ஸ்கேனருக்கு வருவதால் இல்லாத ஸ்லிப் தெரியும். மலிவான ப்ளூடூத் கருவிகளில் இந்தக் கோளாறு அதிகம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எண் மைனஸில் போனால் பதற வேண்டாம். அப்போது சக்கரம் இன்ஜினை இழுக்கிறது.

பிறகு அதே கியரில் மேட்டில் ஏற்றி, லாக்-அப் விடுபடாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுங்கள். 0, 15, 60, 140 என்று பாரத்தோடு சேர்ந்து ஸ்லிப் ஏறினால் கிளட்ச் பிடிமானம் இழக்கிறது: லைனிங் தேய்ந்திருக்கலாம், வால்வு பாடியில் (ஆயில் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் பகுதி) லாக்-அப் வால்வு ஓடும் துளை தேய்ந்து அழுத்தம் கசியலாம், இன்புட் ஷாஃப்ட்டின் சீல் போயிருக்கலாம். பாரம் குறைவாக இருக்கும்போதே 200, 300 என்று நின்றால் லாக்-அப் பிடிக்கவே இல்லை. அப்போது கியர்பாக்ஸில் கை வைக்கும் முன் சோலனாய்டு (லாக்-அப்பை இயக்கும் மின்வால்வு), அதன் ஒயரிங், கனெக்டர், கூடவே பிரேக் லைட் சுவிட்சைப் பாருங்கள். பெடல் சுவிட்ச் சற்று விலகி, பிரேக் மிதித்திருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருந்தால் பல மாடல்களில் லாக்-அப் வரவே வராது. சில நிமிட வேலைக்குக் கன்வெர்ட்டர் விலை கொடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எண் சீராக இல்லாமல் துடித்து, வண்டியும் நடுங்கினால் சந்தேகம் ஆயில்மேல். வகை மாறிய ஆயில், சத்து இழந்த ஆயில் என்றால் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டை விழுந்து கூலன்ட் கலந்துவிட்டது என்று பொருள். லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையைக் கூலன்ட் விடுவித்துவிடும். கட்டுரை சொல்வதுபோல் ஆயில் மாற்றினால் இது தீராது. கன்வெர்ட்டரும் கூலரும் மாற வேண்டும், கியர்பாக்ஸின் மற்ற கிளட்ச்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

லாக்-அப் பழுதைச் சொல்லும் பி0741 என்ற குறியீடு வரட்டும் என்று காத்திருப்பதும் சரியல்ல. ஸ்லிப் குறிப்பிட்ட அளவைத் தாண்டி, குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் கம்ப்யூட்டர் அந்தக் குறியீட்டை எழுதும். அதற்கு முன் ஸ்லிப் மெல்ல ஏறிவந்த காலத்தைப் பற்றி அது வாய் திறக்காது.

கடைசியாக, கட்டாயம் திருத்தி வெளியிட வேண்டிய ஒன்று. ஸ்டால் சோதனையில் பிரேக்கை மிதித்தபடி முழு ஆக்ஸிலரேட்டரில் அரை நிமிடம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஸ்டாலில், அதாவது வண்டி நகராமல் டர்பைன் நின்றிருக்கும்போது, இன்ஜின் தரும் சக்தி முழுவதும் கன்வெர்ட்டர் ஆயிலில் வெப்பமாகிறது. 600 நியூட்டன் மீட்டர், 1,800 ஆர்.பி.எம். என்றால் 113 கிலோவாட். உள்ளே 8 லிட்டர் ஆயில் இருந்தால், சுற்றியுள்ள உலோகம் வாங்கிக்கொள்வதைச் சேர்க்காமல் பார்த்தால், நொடிக்குச் சுமார் 8 டிகிரி ஏறும். ஐந்து நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்னால் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும். முடிந்ததும் நியூட்ரலில் 1,000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல் இரண்டு நிமிடமாவது ஓடவிட்டு ஆயிலை ஆற்ற வேண்டும்.

இப்படிக்கு,
கனரக வாகன கியர்பாக்ஸ் மெக்கானிக்குகள் சிலர்