பெண் எழுத்துத் தாளுக்கு மார்க் போடும் ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய தமிழ்த்துறை ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து, பி.ஏ. தமிழ் முடித்து, இப்போது பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பெண் எழுத்தாளர்கள் பற்றிய தாளில் நல்ல மார்க் வாங்கியவள் நான். அந்தத் தாளில் இருந்த நாவல்களில் ஒன்றைக்கூட அப்போது முழுதாகப் படித்ததில்லை. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ எங்களுக்குப் பாடம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் துயரைச் சொல்லும் நாவல் என்று நோட்ஸில் ஒரு வரி. பிறந்த ஊர் முசிறி, 1973இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது என்று இன்னும் இரண்டு வரி. இதை நீட்டி எழுதினேன், மார்க் வந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். உப்பளத்துப் பெண்களின் பாடு கண்ணில் பட்டதும், நடவுக்குப் போய் வந்து ராத்திரி சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் பூசும் என் அம்மாதான் முன்னால் நின்றார். கல்லூரியிலேயே படித்திருந்தால் அம்மாவிடம் எவ்வளவோ கேட்டிருப்பேன். இப்போது அம்மா இல்லை.

பிள்ளைகள் படிப்பதில்லை என்று சொல்லாதீர்கள். மார்க் எங்கே இருக்கிறதோ அங்கேதான் படிப்பு போகும். ‘ஆசிரியர் குறிப்பு வரைக’ என்று கேட்டால் குறிப்பைத்தான் மனப்பாடம் செய்வோம். அசைன்மென்ட் என்றால் போன வருடத்து அக்காவின் தாளைப் பார்த்து எழுதுவோம். எதற்கு எத்தனை மார்க், என்ன எழுதினால் நல்ல மார்க் என்று எங்களுக்கு முதல் வகுப்பில் யாரும் சொன்னதில்லை. இன்டர்னல் (கல்லூரியே போடும் மார்க்) பட்டியல் ஒட்டிய அன்றுதான் தெரியும்.

எட்டு எழுத்தாளர்களைப் பற்றிய குறிப்பு வேண்டாம். இரண்டு புத்தகம் போதும், முழுதாக. அதில் ஒன்றை மாணவியே தேர்ந்தெடுக்கட்டும். படிக்கப் படிக்க ஒரு நோட்டில் எழுதி வரட்டும். தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையை எழுதிய ‘கருக்கு’ படிக்கிற பெண், தன் தெருவில் யார் யார் வீட்டுக்குள் போகலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்று எழுதினால், அது பாமாவைப் படித்ததற்கான அடையாளம்தானே? அந்த நோட்டுக்கு இன்டர்னலில் பாதி மார்க் கொடுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். படித்தாளா இல்லையா என்று தெரிந்துவிடும். பரீட்சையிலும் ஒரு பத்தியைக் கொடுத்து அதைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று. சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண். பாடப்பட்டவன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன். சேர நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் இதைச் சங்க இலக்கியத் தாளில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்தோம். பெண் எழுத்துத் தாளில் அவர் பெயரே இல்லை. அதேபோல, நம் பிள்ளைகளில் பலருக்கு மலையாளமும் வாசிக்க வரும். மலையாள எழுத்தாளர் லலிதாம்பிகா அந்தர்ஜனத்தை மலையாளத்திலேயே படித்துவிட்டு, ராஜம் கிருஷ்ணனோடு சேர்த்துத் தமிழில் ஒருத்தி எழுதினால் அதை ‘சிலபஸில் இல்லை’ என்று ஒதுக்காதீர்கள். இரண்டு மொழியும் கைவசம் இருப்பது இந்த எல்லையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் வசதி.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளின் தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு எழுதி வந்தால் அதற்கும் மார்க் உண்டு என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கத்து வடகரப்பதியிலும் எருத்தேன்பதியிலும் இன்னும் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு முன்னாள் மாணவிகளையும் கூப்பிடுங்கள். நான் எழுதிய அசைன்மென்டும் அந்த நோட்ஸும் பத்திரமாக இருக்கின்றன. கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி